முன்பக்கம் வடிவு, ஓட்டை இறுக்கம்: என் எம்ஜிபிக்கு டாஷ்போட் புதுப்பித்த கதை

முதலில் புள்ளிகளைச் சொல்லிவிடுகிறேன். கைவேலைக்கு ஐந்துக்கு நாலரை. சாமானைத் திருப்பித் தந்த விதத்துக்கு இரண்டு. சொன்ன தவணைக்கு ஒன்று. விலை நியாயம். மேற்கு லண்டனில், ரயில் பாலத்துக்குக் கீழே, ஒரு பெரியவரும் ஒரு தையல்கார அம்மாவும் மட்டும் வேலை செய்கிற சின்னப் பட்டறை. பெயரை எழுதவில்லை. கீழே குறையும் சொல்லப் போகிறேன், அது இரண்டு பேருடைய பிழைப்பு.

கார் 1973ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதைச் செய்த பிரிட்டிஷ் லேலண்ட்காரர் ஹார்வெஸ்ட் கோல்ட் என்று பெயர் வைத்த நிறம். என் மனைவி அதைக் கடுகுச் சட்னி என்கிறாள். எம்ஜிபி 1962இல் வந்தது, கூரை வைத்த ஜிடி 1965இல். 1980 வரை ஆபிங்டன் ஊர்த் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அதனால் உதிரிச் சாமானுக்குப் பஞ்சமில்லை. எல்லாரும் ஏன் இந்தக் காரை வாங்குகிறார்கள் என்பதற்கு அதுவே பாதி விடை.

நான் வாங்கிய காரணம் வேறு. யாழ்ப்பாணத்தில் என் சித்தப்பா ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜில் ஹையர் ஓடினவர். அதன் 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு அம்பாசடர் என்று சொன்னால் போதும், அதுவும் அதே வம்சம்தான். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, சித்தப்பா சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அந்த எஞ்சின் இருமிய இருமல் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு வீட்டு முற்றத்தில் இந்தக் காரின் பொனற்றைத் திறந்து பார்த்தேன். எது எங்கே என்று கைக்குத் தெரிந்தது. மிச்சம் எல்லாம் பேரம்தான்.

எஞ்சின் நல்லது. உள்பக்கம்தான் கண்றாவி. இங்கிலாந்தில் விற்ற 1973 எம்ஜிபிக்கு டாஷ்போட் இரும்புத் தகடு, அதன்மேல் கருப்புச் சுருக்கப் பெயின்ற். 1968இலிருந்து அமெரிக்காவுக்குப் போன கார்களில் பாதுகாப்புச் சட்டத்துக்காகத் தலையணை மாதிரி ஒரு மெத்தை டாஷ்போட் வைத்தார்கள், அதை ஆபிங்டன் தலையணை என்றே கிண்டலாகச் சொல்வார்கள். நமக்குத் தகடுதான். எனக்கு முன்னே வைத்திருந்த புண்ணியவான் அந்தத் தகட்டில் மூன்று ஓட்டை புதிதாகப் போட்டு, சுருக்கப் பெயின்ற்றுக்கு மேல் பிரஷ்ஷால் வேறு பெயின்ற் பூசியிருந்தார். இரண்டு சீற்றுக்கும் நடுவில் இருக்கிற கொன்சோலின் ரெக்சின் வெடித்து உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் தூளாகக் கொட்டியது. காலுறை முழுக்க மஞ்சள் தூள்.

கழற்றுவது ஒரு சனி ஞாயிறு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கழற்ற யாராலும் முடியும். ஒரு விஷயம் மட்டும். சித்தப்பா எதைக் கழற்றினாலும் முதலில் ஒரு வாழைத்தண்டுத் துண்டு வெட்டிக்கொண்டு வருவார். கழற்றிய போல்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே அதில் குத்தி வைப்பார். பூட்டும்போது கடைசியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவார். நான் இருக்கிற லண்டன் ஹரோவில் வாழைத்தண்டுக்கு எங்கே போவது? தமிழ்க் கடையில் பாகிஸ்தான் மாம்பழம் வாங்கிய பெட்டி இருந்தது. அதன் மூடியில் டாஷ்போட்டின் படத்தைக் கீறி, எந்த ஸ்குறூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பட்டறைக்குத் தகட்டையும் கொன்சோலையும் ஆம்றெஸ்ற் மூடியையும் கொண்டு போனேன். பெரியவர் தகட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவி, யாரோ இறந்துபோன செய்தி கேட்டவர் மாதிரித் தலையை ஆட்டினார். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய நான்கு தகட்டுத் துண்டுகளைக் கழற்றித் தந்தார். நான்கிலும் ஒரே பெயின்ற், ஆனால் சுருக்கம் நான்கு மாதிரி. இந்தப் பெயின்ற்றில் மேல்தோல் முதலில் காய்ந்துவிடும், அடியில் இருப்பது ஈரமாக இருக்கும். அடி காயும்போது மேல்தோல் சுருங்கும். எவ்வளவு தடிப்பாக அடிக்கிறோம், எவ்வளவு சூடு காட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் சுருக்கம் சின்னதாகவோ பெரிதாகவோ விழும். அவர் இதைச் சொல்லும்போது கையால் விசிறிக் காட்டினார். அந்த இடத்திலேயே காசு கொடுக்கத் தயாராகிவிட்டேன். தகட்டுக்கு 240 பவுண், கொன்சோலுக்கும் மூடிக்கும் 165. காரில் பூட்டியும் தரவேண்டுமென்றால் தனியாக 600 என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கழற்ற எனக்கு இரண்டு நாள், பூட்ட மூன்று நாள் பிடிக்குமா என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை என்றார், ஐந்து கிழமை ஆனது. நான்தான் மூன்று தரம் போன் எடுத்தேன், அவர் ஒரு தரமும் எடுக்கவில்லை. இந்த நாட்டில் பழைய காரோடு மாரடிக்கிற எவருக்கும் இது புதிதில்லை என்பதால் அதிகம் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் புள்ளி ஒன்றுதான்.

திரும்பி வந்த தகட்டைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. மூன்று கள்ள ஓட்டைகளும் எங்கே இருந்தன என்று எனக்கே தெரியவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் ஒட்டு வைத்த அடையாளம் தெரிந்தது. குறுமிளகைக் கைநிறைய அள்ளி வெயிலில் பார்த்தால் எப்படி இருக்கும்? அதே கருப்பு, அதே சுருக்கம், அதே மங்கல் மினுக்கம். மூலைகளில் பெயின்ற் வழியவில்லை. வளைவில் சுருக்கம் இழுபடவில்லை. நாலரை கொடுத்தது இதற்குத்தான். அரைப் புள்ளியைக் குறைத்தது கையுறைப்பெட்டி மூடிக்காக. அது ஒரு நூல் பெரிய சுருக்கம். என்னைத் தவிர யாரும் பார்க்கமாட்டார்கள், நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

இனித்தான் அந்த 600 பவுண் எதற்கு என்று விளங்கத் தொடங்கியது.

எம்ஜிபியில் மீற்றர்களைத் தகட்டில் மாட்டிவிட்டு மொத்தமாகத் தூக்கி வைக்க முடியாது. தகட்டின் மேல் விளிம்பைப் பிடிக்கிற நட்டுகள் பின்னால், கண்ணாடிக்குக் கீழே இருட்டில் இருக்கின்றன. அவற்றுக்குக் கை போகிற ஒரே பாதை மீற்றர் ஓட்டைதான். ஆகவே வெறும் தகட்டை முதலில் வைத்து, ஸ்பீடோமீற்றர் ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண் பார்க்காத இடத்தில் விரல் நுனியால் நட்டைத் திருப்ப வேண்டும். என் கை அதற்குப் பெரிது. முதல் நட்டு மூன்று தரம் விழுந்தது. மூன்றாம் தரம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, எம்ஜிபியின் வயிற்றுக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

பதினாலு வயது மகள் கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் கை விட்டுப் பாக்கட்டே?"

"உன்ர கை கீறுப்படும், பிள்ளை."

"கீறுப்பட்டா என்ன? நீங்கள் விழுத்திக்கொண்டே இருக்கிறியள்."

நட்டின் முகத்தில் கொஞ்சம் கிறீஸ் தடவி விரலில் ஒட்டவைத்து உள்ளே அனுப்பினாள். ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு நட்டையும் இரண்டு சுற்று மட்டும் பிடிக்கவைத்து, எல்லாம் பிடித்த பிறகுதான் இறுக்கினோம். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் மறுபக்கத்து ஸ்ரட், அதாவது நட்டு ஏறுகிற திருகுக் கம்பி, ஓட்டைக்கு நேரே வராது. கீழ் விளிம்பு ஸ்குறூக்கள் மாம்பழப் பெட்டியிலிருந்து வரிசையாக வந்து உட்கார்ந்தன. இரண்டு மணித்தியாலம். இதுவரை சந்தோசம்.

பிறகு மீற்றர்கள். ஸ்மித்ஸ் மீற்றர்கள். அந்தக் கம்பனியின் பெரிய தொழிற்சாலை ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், கிறிக்கிள்வூட்டில் இருந்தது. ஒவ்வொரு மீற்றருக்கும் முன்னால் ஒரு றப்பர் வளையம், பின்னால் யு வடிவப் பட்டையும் விரலால் திருப்புகிற கீறல் நட்டும். முன்னாலிருந்து தள்ளி, பின்னாலிருந்து பட்டையைப் போட்டு இறுக்கவேண்டும். லேசான வேலை. ஆனால் ஸ்பீடோமீற்றர் ஓட்டைக்குள் போகவில்லை. அழுத்தினேன். பாதி போய் நின்றது. இழுத்தேன். வரவில்லை.

காரணம் பெயின்ற். ஓட்டையின் உள்விளிம்பை மறைக்காமல் அடித்திருக்கிறார்கள். சுருக்கப் பெயின்ற் சும்மா பெயின்ற் இல்லை, தடிப்பாக அடித்தால்தான் சுருங்கும். அந்தத் தடிப்பு ஓட்டையைச் சுற்றி உள்பக்கமும் ஏறி, ஓட்டையைச் சின்னதாக்கியிருந்தது. ஒரு ஜாம் போத்தலில் உப்புத்தாளைச் சுற்றி, உள்பக்கத்தை மட்டும் தேய்த்தேன். மெதுவாகத்தான் தேய்த்தேன். அப்படியும் ஓரிடத்தில் ஒரு நெல்மணி அளவு பெயின்ற் முன்பக்கமாக உரிந்து வந்தது. அதைப் பார்த்த கணத்தில் என் வாயில் வந்ததை மகள் இன்னும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறாள். நல்லகாலம், மீற்றரின் குரோம் வளையம் அதை மறைத்துவிட்டது.

சுவிச்சுகள் இன்னும் மோசம். 1973 காரில் தட்டுகிற மாதிரி றொக்கர் சுவிச்சுகள். பக்கத்தில் இருக்கிற பிளாஸ்ரிக் கொளுக்கிகள் தகட்டின் தடிப்புக்குக் கணக்காகச் செய்தவை. உள்ளே தள்ளியதும் டக் என்று விரிந்து பின்னால் பிடிக்க வேண்டும். முன்னாலும் விளிம்பிலும் பெயின்ற் ஏறித் தகடு தடித்துப் போனதால் கொளுக்கி விரிய இடமில்லை. ஐம்பது வருடத்துப் பிளாஸ்ரிக் வேறு. ஹீற்றர் சுவிச்சின் ஒரு கொளுக்கி ஒடிந்தது. பதிலுக்கு வாங்கிய புதுச் சுவிச் பழசு மாதிரியே செய்த நகல். பொருந்துகிறது, வேலை செய்கிறது, ஆனால் தட்டும்போது அந்தக் கனத்த டக் இல்லை. வெள்ளை அடையாளமும் பக்கத்திலிருப்பதைவிட ஒரு சாயல் நீலம். எதையும் தூக்கி எறியாதீர்கள். பழைய சுவிச்சைச் சுத்தப்படுத்திப் போடுவது எப்போதும் மேல்.

பெரியவருக்குப் போன் எடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "விளிம்பை மறைக்கச் சொல்லி நீர் சொல்லவில்லையே" என்றார். சொல்லவில்லைதான். ஆனால் ஓட்டையில் ஏதோ பூட்டப் போகிறார்கள் என்பதை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? பாதி நாள் கோபம். இரண்டு நாள் கழித்துத் தபாலில் அதே பெயின்ற் ஒரு சின்னக் குப்பியில் வந்தது, காசு கேட்கவில்லை. இல்லாவிட்டால் அந்த இரண்டு புள்ளியும் கிடையாது.

எண்ணெய் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் காட்டுகிற இரட்டை மீற்றரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் ஆட்கள் காசை இழக்கிறார்கள். இங்கிலாந்துக் காரில் இது மின்சாரம் இல்லை. எண்ணெய்க்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நேரே மீற்றரின் முதுகுக்கு வருகிறது, உண்மையான எண்ணெய்யோடு. சூட்டுக்கு ஒரு மயிரிழைக் குழாய். அதன் ஒரு நுனியில் உள்ள குமிழ் எஞ்சின் தலையில் இருக்கிறது, குழாய்க்குள் ஆவியாகிற திரவம் அடைத்திருக்கிறது. அந்தக் குழாய் எங்கேயாவது மடிந்து நெரிந்தால் மீற்றரின் கதை முடிந்தது, வீட்டில் திருத்த முடியாது. அதனால் நான் அந்த மீற்றரை எஞ்சினிலிருந்து கழற்றவே இல்லை. ஒரு பழைய சாரத்தில் சுற்றி, ஸ்ரியரிங் தண்டில் தொட்டில் மாதிரிக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஐந்து கிழமை அங்கேயே தூங்கியது.

எண்ணெய்க் குழாய் மீற்றரோடு சேருகிற இடத்தில் ஒரு குட்டித் தோல் வாஷர் இருக்கிறது. அசல் தோல். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பழைய வாஷர் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டே வரும், அல்லது எங்கோ விழுந்துவிடும், அது இருந்ததே உங்களுக்குத் தெரியாது. அது இல்லாமல் இறுக்கினால் எஞ்சின் ஓடும்போது சூடான எண்ணெய் உங்கள் முழங்காலில் சொட்டும். புதிய வாஷர் சில்லறைக் காசு. அதை ஒரு இரவு எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். பிறகு, பக்கத்தில் வேறு எதையும் மூடாமல், எஞ்சினை ஓடவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை இணைப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. முள் 60க்கு ஏறி நின்றது. அந்த ஐந்து நிமிடம் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

வயரிங் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் கார்களுக்கு மின்சாரச் சாமான் செய்த லூகாஸ் கம்பனி என்றால் இருட்டின் இளவரசன் என்று இங்கே ஒரு பழைய பகிடி இருக்கிறது, ஆனால் அவர்களுடைய நிற ஒழுங்கைப் படித்துவிட்டால் எந்த வயரும் தன் கதையைத் தானே சொல்லும். மண்ணிறம் எப்போதும் உயிர், அதாவது மின்சாரம் இருக்கும். வெள்ளை திறப்பைத் திருப்பினால் உயிர். பச்சை அதே, ஆனால் பியூஸ் வழியாக. ஊதா பியூஸ் வழியாக எப்போதும் உயிர். சிவப்பில் வெள்ளைக்கோடு மீற்றர் பல்புகளுக்கு. கருப்பு எர்த். மீற்றர் பல்ப் எல்லாம் 2.2 வோட் குட்டிப் பல்ப், மறுபடி கை போகாத இடம் என்பதால் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். பற்றரியை முதலிலேயே கழற்றியிருக்க வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1973 காரில் அது சீற்றுக்குப் பின்னால், தரைக்குக் கீழே, ஆறு வோல்ற்றில் இரண்டாக இருக்கிறது. இரண்டையும் மறந்தவனைப் பற்றி எனக்குத் தெரியும், ஆனால் பெயர் சொல்லமாட்டேன்.

ஸ்பீடோமீற்றர் கேபிளுக்குக் கிறீஸ் போடுகிறவர்கள் மேல்நுனியில் ஒரு சாண் அளவை விட்டுவிடுங்கள். சுழலச் சுழலக் கிறீஸ் மேலே ஏறி மீற்றருக்குள் போய்விடும்.

எல்லாம் பூட்டி முடிந்தது. பிள்ளையார் படத்துக்கு முன்னால் திறப்பை வைத்து எடுத்துக்கொண்டு போய்த் திருப்பினேன். லைட் எரிந்தது, சூட்டு முள் சரியான இடத்தில், எஞ்சின் சுற்றைக் காட்டுகிற றெவ் கவுண்டர் ஆடியது. பெற்றோல் முள் மட்டும் முழுக்குறியையும் தாண்டிப் போய், ஓரத்தில் முட்டி நின்றது. பத்து லீற்றர்தான் ஊற்றியிருந்தேன். ராங்கியோ 12 கலன் பிடிக்கும், ஐம்பது லீற்றருக்கு மேல்.

பெரியவரைத்தான் முதலில் திட்டினேன், மனதுக்குள். பெயின்ற் அடித்து எர்த்தை மறைத்துவிட்டார் என்று. தகட்டின் பின்னால் நாலு இடம் சுரண்டினேன். முள் அசையவில்லை. ராத்திரி படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. சூட்டு மீற்றருக்கு மின்சாரம் தேவையில்லை, அது சரியாகக் காட்டுகிறது. பெற்றோல் மீற்றருக்கு மட்டும் மின்சாரம் ஒரு சின்ன ஸ்ரபிலைசர் வழியாக வருகிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு ஈருலோகப் பட்டை சூடாகிச் சூடாகித் தொடர்பை விட்டுவிட்டு, சராசரியாகப் பத்து வோல்ற்றை அனுப்பும். அந்தப் பட்டை சூடாக வேண்டுமென்றால் பெட்டிக்கு எர்த் வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பட்டை சூடாகாது, தொடர்பு விடாது, பன்னிரண்டு வோல்ற்றும் முழுதாகப் போகும். முள் மேலே ஏறும்.

ஸ்ரபிலைசரைத் தகட்டுக்குப் பின்னால் உள்ள சுவரில் பூட்டியது நான். டாஷ்போட் வெளியே இருக்கிறதே என்று அந்தச் சுவருக்கு ஆசையோடு இரண்டு கோட் பெயின்ற் அடித்தவனும் நான். மறுநாள் மகளுடைய கை மறுபடியும் உள்ளே போனது. பெட்டியை இறக்கி, போல்ட் உட்காருகிற இடத்தில் வெறும் இரும்பு தெரிகிற வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் ஒன்று போட்டு இறுக்கினோம். முள் கால்பங்குக்கு இறங்கி வந்து நின்றது. பெரியவரிடம் மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டேன், போன் எடுக்கவில்லை.

கொன்சோல் வேலை தையல்கார அம்மாவுடையது, அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. தையல் நேர்க்கோடு. மூலைகளில் ரெக்சின் மடிப்பு வெளியே தெரியவில்லை. ஆம்றெஸ்ற் மூடிக்கு உள்ளே புது ஸ்பொஞ்ச், கை வைத்தால் அமுங்கி எழுகிறது. ஆனால் கொன்சோலை மூடிய ரெக்சினுக்கு அடியிலும் ஒரு மெல்லிய ஸ்பொஞ்ச் வைத்துவிட்டார், பழையதில் அது இல்லை. அதனால் கொன்சோலின் மேல்முனை டாஷ்போட்டின் உதட்டுக்குக் கீழே நுழையவில்லை. குளிர் வேறு. மனைவியின் தலைமயிர் உலர்த்தியை எடுத்துக்கொண்டு வந்து, ரெக்சினைச் சூடாக்கி, அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளினேன். இப்போது அவ்வளவு இறுக்கம், ஸ்குறூ இல்லாமலே நிற்கும் போலிருக்கிறது. முன்பு ஓடும்போது கரகரத்த சத்தமும் இல்லை. ஆகவே இது குறையா நிறையா என்று தெரியவில்லை.

ஸ்குறூ ஓட்டைகள் எல்லாம் ரெக்சினுக்குக் கீழே மறைந்துவிட்டன. அதைத் தேட ட்ரில்லை எடுத்துவிடாதீர்கள். ட்ரில் முனையில் ரெக்சினின் அடித்துணி நூல் சிக்கினால், ஒரு விநாடிக்குள் சுருட்டி இழுத்துவிடும், 165 பவுணும் போகும். கீழே விரித்த காப்பெற்றும் அப்படியே உரிந்து வரும். பின்பக்கத்திலிருந்து பழைய ஓட்டை வழியாகத் தையல் ஊசியைக் குத்தினேன். முன்னால் நுனி வந்த இடத்தில் சூடான சோல்டரிங் அயனின் முனையை ஒரு கணம் வைத்து எடுத்தேன். துளை விளிம்பு உருகி மூடிக்கொள்ளும், நூல் பிரியாது. சித்தப்பா இதையே அடுப்பில் காய்ச்சிய ஆணியால் செய்வார். ரெக்சின் எரிகிற மணத்தோடு அவர் சுருட்டு மணமும் சேர்ந்து வந்தது மாதிரி இருந்தது, அந்தக் குளிர்ந்த கராஜில்.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒரு தரம் பிழையாகச் செய்து கழற்றினேன். முதலில் நடுமேட்டுக் காப்பெற், பிறகு கொன்சோல், பிறகு ஆம்றெஸ்ற் பெட்டி, கடைசியில்தான் கியர்த் தண்டின் தோலுறையும் அதைப் பிடிக்கிற குரோம் வளையமும். வளையத்தை முதலில் பூட்டினால் கொன்சோல் அதற்கு மேலே ஏறாது.

மொத்தம் எத்தனை நாள் என்று கேட்டால், மூன்று நாள் என்று நினைத்தது பதினொரு நாள். சனி ஞாயிறு மட்டும் வேலை செய்கிறவனுக்கு அது ஆறு கிழமை. 600 பவுணைப் பதினொன்றால் பிரித்துப் பாருங்கள், பெரியவர் என்னிடம் கேட்டது அநியாயமில்லை. ஆனாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன். நாற்பது வயதைத் தாண்டிய காருக்கு இங்கே வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. டாஷ்போட்டுக்குப் பின்னால் எந்த வயர் எப்படி இருக்கிறது என்று என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. நானே பார்த்துப் பூட்டினால்தான் ராத்திரி மோட்டர்வேயில் ஓடும்போது எனக்கு நிம்மதி.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன் போங்கள், பெரியவர் அப்போதுதான் கதைப்பார். சுருக்கம் எந்த அளவு என்பதை அவர் தகட்டுத் துண்டில் காட்டச் சொல்லி, உங்கள் பெயரை அதன் பின்னால் எழுதி வைக்கச் சொல்லுங்கள், கையுறைப்பெட்டி மூடியையும் தகட்டையும் ஒரே நாளில் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்குறூ ஒன்றையும் கொடுக்காதீர்கள், எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள். தவணை சொன்னால் இரண்டால் பெருக்கி ஒரு கிழமை கூட்டுங்கள்.

அடுத்த மாதம் கதவுப் பலகைகள் இரண்டையும் அதே தையல்கார அம்மாவிடம்தான் கொண்டு போகிறேன். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்கும் பூட்டுக்கும் உரிய ஓட்டைகளை மாம்பழப் பெட்டி மட்டையில் வெட்டி, இடது, வலது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்பொஞ்ச் வேண்டாம் என்பதையும் மகள் ஆங்கிலத்தில் அதிலேயே எழுதியிருக்கிறாள், சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு.